ஆட்டுக்கு வந்த ஏழு வரிப் பதில்

சேர்,

இன்று அம்மாவோடு உங்கள் ஒபீசுக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு மிஸ் இருக்கிறார். நாற்காலி உறையில் உங்கள் தலைவலித் தைலம் இன்னும் மணக்கிறது. மூக்கில் ஏறியதும் கோபமும் ஏறியது. செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார் அம்மா. உயிரோடு இருந்தபோதும் நீங்கள் அதற்கு நேரம் தரவில்லையே.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்திட்டு சரிந்த மழையில், கடதாசியோடு உங்களிடம் வந்தோம். நீங்கள் தலையே தூக்கவில்லை.

"கடதாசியெல்லாம் தூக்கிக்கிட்டு வராதீங்கம்மா. ஒபீஸ் மெயிலும் வேல செய்யல. என் மெயிலுக்குப் போடுங்க, எல்லாம் ஒண்ணுதான்."

அன்று பின்னேரமே அம்மாவின் போனிலிருந்து தமிழில் எழுதினேன்: நாலாம் லயம், ஆறாம் காம்பரா, பின்சுவரில் வெடிப்பு, புது வீட்டுக்கு இடம் மாற்றும் பட்டியலில் சேர்க்கவும். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'ஓகே.' அம்மா அதைக் கற்பூரத் தட்டு மாதிரி லயம் முழுக்கக் காட்டினார். "சேர் ஓகே சொல்லிட்டாருங்க."

எனக்கு அந்த ஓகே ஓகேயாகப் படவில்லை. நீங்கள் படிக்கிறீர்களா என்று பார்க்க, எங்கள் ஆட்டின் பெயரில் ஆங்கிலத்தில் ஒன்று போட்டேன். 'நான் திருமதி ராணி. ஆறாம் காம்பராவின் பின்பக்கம் வசிக்கிறேன். இரண்டு பிள்ளைகள். சுவர் வெடிப்பில் என் கொம்பே நுழைகிறது. கையில்லாததால் கையொப்பம் இல்லை.'

மறுநாளே பதில். ஏழு வரி. 'மதிப்புக்குரிய அம்மணி' என்று தொடங்கி, முறைப்பாடு பதியப்பட்டது என்று ஒரு வரி, கோப்பு இலக்கம், உங்கள் பெயர், பதவி, ஒபீஸ் விலாசம். அம்மா தமிழில் கேட்டார், ஆடு ஆங்கிலத்தில் கேட்டது. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு மாரடைப்பில் போய்விட்டீர்கள், கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு கடவுளிடம். பட்டியல் வந்தது. அம்மாவின் பெயர் இல்லை. உங்கள் ஓகேயைக் காட்டினோம், செல்லாது என்றார்கள். தகவல் அறியும் சட்டப்படி, எங்கள் லயத்தைப் பற்றி உங்களுக்கு வந்த மெயில்களை எல்லாம் கேட்டு அம்மா பெயரில் எழுதிக் கொடுத்தேன். 'அவை காலமான அலுவலரின் தனிப்பட்ட மின்னஞ்சல்கள். அரச ஆவணமல்ல' என்று பதில்.

தனிப்பட்டதா? அம்மா என்ன உங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்தா அனுப்பினார்? அரச கதிரையில் இருந்துகொண்டு, அரச வேலைக்காக நீங்களே கேட்டு வாங்கிய மெயில் அது.

இன்று மிஸ்ஸிடமும் அதைத்தான் கேட்டேன்.

"சட்டம் பேசாதீங்க தங்கச்சி. அது அவரோட சொந்த மெயில்."

"சொந்த மெயில்ல எதுக்கு மிஸ் ஒபீஸ் கோப்பு இலக்கம்?" உங்கள் பதில் இரண்டையும் அச்செடுத்து வைத்திருந்தேன், ராணிக்கு வந்ததை நீட்டினேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினார்.

மிஸ் அலுமாரியைத் திறந்தார். அந்த இலக்கத்தில் கோப்பு இருந்தது. ராணியின் மெயிலை அச்செடுத்து, துளை போட்டு, ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தீர்கள். அம்மாவுடையது இல்லை. அந்த இடத்தில் உங்களுக்கு இன்னொரு மாரடைப்பு வரவேண்டும் என்று நினைத்தேன், சேர். அதை மறைக்க மாட்டேன்.

"யாரு இந்த ராணி?"

"எங்க ஆடுங்க மிஸ்." அம்மாவுக்குப் பொய் வராது.

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஆட்ட எங்க கட்டுவீங்க?"

"வெடிச்ச செவத்தோரந்தாங்க. வேற எடமில்ல."

மிஸ் கோப்பைத் திரும்பப் பார்த்தார். "அவரே கோப்புல போட்டுட்டாரு. இனி சொந்த மெயில்னு சொல்ல ஏலாது. நீங்க அவருக்கு அனுப்பின மெயிலையும் அச்செடுத்துக் குடுங்க, இதோட சேக்கிறேன். பட்டியலத் திரும்பப் பாக்கச் சொல்லி எழுதுறேன். வீடு கெடைக்கும்னு சொல்லல."

பஸ்ஸில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. என் போன் உறைக்குள் மடித்த இரண்டு கடதாசிகள் இருந்தன: அம்மாவுக்கு உங்கள் ஒரு சொல், ஆட்டுக்கு உங்கள் ஏழு வரி. அம்மா அந்த ஒரு சொல்லை வாங்கி நனையாமல் மடியில் பொத்திக்கொண்டார். "பாவம், மனுசன் போய்ச் சேந்துட்டாரு. மன்னிச்சிரு புள்ள" என்றார்.

ராணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் இப்போதும் அந்தச் சுவரோரம்தான் நனைந்துகொண்டு நிற்கிறாள்.