தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு

மாப்பிள்ளை,

இன்று காலை கிடங்குப் பரணிலிருந்து நீலத் தார்ப்பாயை இறக்கினேன். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது, வானமும் சரியில்லை. உதறியபோது மடிப்புக்குள் போன வருட நெல் ஒட்டியிருந்தது. ஈரத்தில் முளைவிட்டு, வெள்ளை வேரோடு அப்படியே காய்ந்து கிடந்தது. புளித்த வாடை. தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, வியாழக்கிழமை அவரு திதி. செல்வியையும் கூப்பிட்டிருக்கேன்."

"எந்தச் செல்வி?"

"எந்தச் செல்வியா? பாலத்துக்குப் பக்கத்துல குத்தகைக்குச் சாகுபடி பண்றாளே, அவதான். கடைசியா அவ நெல்லுகிட்டதானே இருந்தாரு. வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போவட்டும்."

சரி என்று வைத்துவிட்டேன்.

உங்கள் மனைவியான என் தங்கச்சியிடம் நான் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். "ஒரு நொடியில போயிட்டாரும்மா, நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்று. அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் செல்வி.

சைக்கிளில் பழைய சாக்கு விற்று ஆரம்பித்தவன் நான். பேசித்தான் மேலே வந்தேன். என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு என்னோடு நெல் வியாபாரத்துக்கு வந்த நீங்கள், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நான் ஒரு விவசாயியிடம் விலையைக் குறைத்துக்கொண்டே வரும்போது சத்தமில்லாமல் எழுந்து போவீர்கள். திரும்பி வந்து அந்த ஆள் கையில் ஒரு டீயைக் கொடுப்பீர்கள். நம் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறவனிடம் அதற்கு மேல் குறைக்க எனக்கு வாய் வராது. அது தெரிந்துதான் கொடுத்தீர்கள் என்பது எனக்குப் புரியவே சில வருடம் ஆயிற்று. கேட்டால், "இருக்கட்டும் மச்சான்" என்பீர்கள்.

அன்றைக்கு மூன்று லோடு நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தோம். நமக்கு அடுத்து செல்வியின் நெல். மூன்று மணி இருக்கும், கிழக்கே கறுத்துவிட்டது.

"மச்சான், காலையிலேருந்து தோள்பட்டை ஒரு மாதிரி இழுக்குது."

உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அதற்காகவாவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "மூட்டை புடிச்சா இழுக்கத்தான் செய்யும் மாப்பிள்ளை. அந்த முனைய இழுங்க" என்றேன். இழுத்தீர்கள். நம் நெல்லை முக்கால்வாசி மூடியதும், மீதியிருந்த இந்த நீலத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு செல்வியின் குவியலுக்குப் போய்விட்டீர்கள். நான் கத்தினேன்.

"நம்ம நெல்லு நனையுது, அங்க என்ன அவசரம்?"

"இருக்கட்டும் மச்சான். ஒத்த பொம்பள, என்ன பண்ணும்?"

காற்று வந்தது. தார்ப்பாய் ஓரத்துக்கு வைக்கக் கல் போதாதபோது ஆள்தான் ஏறி உட்கார வேண்டும்; ரோட்டில் நெல் காயவைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். நீங்கள் செல்வியின் தார்ப்பாய் முனையில் உட்கார்ந்தீர்கள். நான் இந்தக் கோடியில் லாரியை ஒட்டி நின்றேன். மழை அடிக்கிறது, நீங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறீர்கள். மனுஷன் நகர மாட்டார், நெல் தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

செல்வி ஓடி வந்தாள். "அண்ணே, அவரு மூஞ்சி நல்லால்ல. கூப்புட்டா பேச மாட்டேங்குறாரு."

"அவரு என்னைக்குப் பேசினாரு? போயி உன் வேலையப் பாரு."

அரை மணி நேரம். மழை விட்டதும் வந்து முனையைத் தூக்கினேன். தார்ப்பாயோடு சேர்ந்து நீங்களும் சாய்ந்தீர்கள்.

இன்று போனை வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, வியாழனுக்குள் செல்வியைப் பார்த்து வாயை அடைத்துவிட வேண்டும் என்பதுதான். நல்ல விதைநெல் ஒரு மூட்டை போதும் என்று கணக்குப் போட்டேன். வண்டியில் கட்டிக்கொண்டு பாலம் வரை போய்விட்டேன். தூரத்தில் வயலில் அவள் தலை தெரிந்தது. கூப்பிட வாய் எடுத்தேன், வரவில்லை. வண்டியை உங்கள் வீட்டுக்குத் திருப்பினேன்.

தங்கச்சி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். தோள்பட்டை, செல்வி ஓடி வந்தது, அரை மணி நேரம், எல்லாம். முறம் நிற்கவில்லை.

"தெரியும்ண்ணே. காரியம் முடிஞ்ச மறுநாளே செல்வி வந்து சொல்லி அழுதுட்டுப் போனா. நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

தெரிந்துகொண்டே ஒரு வருடம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள் மாப்பிள்ளை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த அரை மணி நேரத்துல அவரு உன்னக் கூப்புட்டாரா?"

அது செல்விக்கும் தெரியாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். எத்தனையோ பேரிடம் கூசாமல் இல்லை என்று சொன்ன வாய்தான் இது.

"கூப்புடல. கையை ஒரு தடவ தூக்குனாரு. 'நான் பாத்துக்குறேன், நீங்க அந்தப் பக்கம் பாருங்க'ன்னு சொல்றாருன்னு நெனச்சேன். நானும் பதிலுக்குக் கையைத் தூக்கிட்டுத் திரும்பிட்டேன்."

முறம் நின்றது.

"அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிடவில்லை.

அவள் எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வியாழக்கிழமை வருவேன். செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன், அவள் என்ன பேசினாலும்.

இந்த ஒரு வருடமாக, ரோட்டில் யார் கையைத் தூக்கினாலும் வண்டியை நிறுத்திவிடுகிறேன். பாதிப் பேர் சும்மா வணக்கம் சொன்னவர்கள். "என்னண்ணே, ஏன் நின்னுட்டீங்க?" என்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறேன். கிட்டே போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் நகர்கிறேன்.