ஒருசந்தி என்று சொன்ன பொய்

1972 மார்ச் 2, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று, கேஸ் வாடை. ஆசுபத்திரி போய்வந்தேன். ஆப்பரேஷன் ஆகி ஒன்பது வாரம். ஹார்பரில் மூட்டை விழுந்து நொறுங்கிய கழுத்தெலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். கை மரத்துப்போவதும் இல்லை. விழுங்கத்தான் முடியவில்லை. முன்கழுத்தைக் கீறிச் செய்தால் எப்போதாவது ஒருத்தருக்கு விழுங்குவது இப்படி நின்றுவிடுமாம். அந்த ஒருத்தன் நான். ஈஸ்டருக்குள் சரியாகாவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு டியூப் வழியாகத்தான் சாப்பாடாம்.

பிலோமினாவிடம் சொல்லவில்லை. தவக்காலம், ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெண்டாட்டி நம்பிவிட்டாள்.

மார்ச் 3, வெள்ளி

இன்று செய்யவேண்டியது: லீவு கடிதம். பிளேடு. மண்ணெண்ணெய்.

கஞ்சி ஐந்து ஸ்பூன், அதில் இரண்டு ஸ்பூன் மூக்கு வழியே வெளியே. தண்ணீர்தான் மோசம்.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை செபம். பக்கத்து வீட்டு மேரியக்கா பிலோமினாவிடம் சொல்கிறாள்: "உன் வூட்டுக்காரு ஒருசந்தி இருந்து பாதி ஆளா பூட்டாரு. நீ குடுத்து வெச்சவ." இவள் முகத்தில் பெருமை. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மார்ச் 4, சனி

பக்கத்து வீட்டில் நெத்திலி வறுக்கிறார்கள். அழுதேன். வெட்கக்கேடு.

மார்ச் 5, ஞாயிறு

பூசை. ஒருசந்தி இருப்பவன் ஆண்டவரின் உடலான நன்மை அப்பத்தை வாங்காவிட்டால் கேள்வி வரும். போய் நாக்கை நீட்டினேன். அப்பம் தொண்டையில் நின்றது. இருமல். கைக்குட்டையில் துப்பிவிட்டேன். ஆண்டவரைத் துப்பிவிட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்து வீடு வந்தேன். யார் பார்த்தார்களோ.

மார்ச் 6, திங்கள்

துணி ஊறவைக்கச் சட்டையை எடுத்தவள் கைக்குட்டையைப் பிரித்துவிட்டாள். எல்லாம் சொன்னேன், டியூப் வரை. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. கீழே விழுந்த நன்மையைச் சாமியார் கரைப்பதுபோல டம்ளர் தண்ணீரில் போட்டாள். கரையும்வரை முழங்காலில் இருந்தாள். எனக்கு ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்த்தாள். மூக்கில் ஏறியது. மீதியை அவளே குடித்தாள்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "உனக்கோசரம் இத்த நான் முழுங்கிட்டேன். உன் சோத்த யாருய்யா முழுங்குவாங்க?"



மார்ச் 7, செவ்வாய்

மேகமூட்டம். லீவு கடிதம் இன்னும் எழுதவில்லை. கஞ்சி மூன்று ஸ்பூன். பிலோமினா நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டால், ஒருசந்தி என்கிறாள்.