கேமராவுக்குப் போன சிப்பு

இன்னாங்க,

கடையில் தேங்கிக் கிடந்த மெமரி சிப்பெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே போனபோது, "சிப்பு போடுற போனே இப்ப இல்ல, இன்னாத்துக்குக் குவிச்சே?" என்று கத்திவிட்டு மலையை விட்டு ஒடுகத்தூருக்கு இறங்கிப் போனீர்களே, அதே சிப்புதான்.

இப்போது மலையெங்கும் புளியந்தோப்புக் காவலுக்குக் கேமரா மாட்டுகிறார்கள். சிப்பு இல்லாமல் அதில் எதுவும் பதியாது. புதுச் சரக்கு விலையும் ஏறிவிட்டது. எதிர்க்கடைக்காரரே வந்து, "ரெண்டு குடும்மா" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் விற்காமல் நம் வாசல் கேமராவில் போட்டேன். சந்தையன்று நீங்கள் வண்டியில் வந்து, கடையையே பார்த்து நின்று, திரும்பிப் போனது அதில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அடுத்த சந்தைக்கு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வாங்க.

இப்படிக்கு,
சிப்பு குவித்தவள்