இயந்திரத்தின் வலது பாதத்தில் இருந்த ஈரம்

அனுப்புநர்
மோகனப்ரியா, க/பெ. நவீன்குமார்,
விசைத்தறித் தொழிலாளி,
நெசவாளர் குடியிருப்பு, பள்ளிப்பட்டு.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: திருத்தணி மறுவாழ்வு மையத்தின் நடை இயந்திரம் பழுதானது – பழி என் மேல் போடப்பட்டது – பாதத்தைத் திறந்து ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த பிப்ரவரியில் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதில், இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. உடலோடு சேர்த்துக் கட்டினால் நம் கால்களைத் தானே தூக்கி வைத்து நடத்தும் ரோபோ இயந்திரத்தில் மேற்படி மையத்தில் பயிற்சி பெற்று வந்தேன். முதல் ஓராண்டுக்குள் செய்யும் பயிற்சிதான் அதிகப் பலன் தரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்தால் சுவர் மட்டுமே தெரியும் அந்த அறையில், முதன்முறை எழுந்து நின்றபோது ஜன்னல் வழியே மலைக்கோயில் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

1. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் தறிக்கும் நாங்கள் செய்வதுதான். ஆனால் கண்காணிப்பாளர் திரு. ஜம்புலிங்கம் அவர்கள் அதைப் புது லாரி என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு பாதங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். நசுக்க ஆள் வேண்டுமே? கால் இரண்டும் நன்றாக உள்ள அலுவலக ஓட்டுநருக்கு இயந்திரம் கட்டப்பட்டது. அவர் மிதித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தரையைத் தொட்டதா என்று அறியும் கருவி அந்தப் பாதத்துக்குள்தான் இருக்கிறது என்று திறப்பு விழா மேடையில் நெடுநேரம் விளக்கியவரும் இதே கண்காணிப்பாளர்தான்.

2. விடுமுறை முடிந்ததும் முதல் ஆளாக என்னைக் கட்டினார்கள். இடது கால் நடந்தது. வலது கால் நகரவே இல்லை. பக்கவாட்டில் சாய்ந்தேன், மேலே மாட்டியிருந்த வார் பிடிக்காவிட்டால் இன்னொரு எலும்பும் போயிருக்கும். பாதத்தின் அடியில் பிசுபிசுவென்று ஈரம் இருந்தது.

3. பழுது பார்க்க வந்த கம்பெனி இன்ஜினியரிடம், காத்திருந்த நோயாளிகள், துணைக்கு வந்தவர்கள் அனைவர் முன்னிலையிலும் கண்காணிப்பாளர் அளித்த தொழில்நுட்ப விளக்கம் இதுவே: "இந்தம்மாவுக்கு கட்டுப்பாடு கெடையாது சார். மூத்திரம் உள்ள பூந்துதான் மிஷினு பூட்ச்சு. நாங்க இன்னா பண்றது?" இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாதத்தைத் திறக்காமலே கிளம்பிவிட்டார்.

ஐயா, எனக்குக் கட்டுப்பாடு இல்லை என்பது உண்மை. அதற்குத்தான் குழாயும் பையும். பையைக் காலி செய்த பிறகே பயிற்சி தரும் சகோதரி என்னைக் கட்டுவார். அவர் ஒப்பந்த ஊழியர். பெயரை எழுதி அவர் வேலைக்கு உலை வைக்க விரும்பவில்லை.

இயந்திரம் சரியானாலும் நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெரு ஆட்டோக்காரர் இப்போது என்னை ஏற்றும் முன் இருக்கையில் சாக்கு விரிக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அன்று அவரும் அங்கே இருந்தார்.

இயந்திரத்தின் மேல் இப்போது திருஷ்டி பொம்மை தொங்குகிறது. அடுத்து ஹோமம் வளர்ப்பார்கள். புகையைத் தாங்கும் மாடல்தானா என்று கம்பெனியிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ஆகவே, ஒரு பொறியாளரை அனுப்பி அந்த வலது பாதத்தைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் திறக்கச் செய்யுமாறும், அவர் சொன்னதை அதே கூடத்தில், அதே குரலில் திரும்பப் பெற வைக்குமாறும், பிப்ரவரிக்குள் எனக்கு மீண்டும் பயிற்சி கிடைக்க உத்தரவிடுமாறும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சாய்ந்த அன்று என்னை அவிழ்த்துத் தரையில் கிடத்தியபோது அந்தப் பாதம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதன் இடுக்கில் இரண்டு விதைகள் ஒட்டியிருந்தன. என் உடம்பில் எத்தனையோ கெட்டுப்போயிருக்கிறது ஐயா. ஆனால் எலுமிச்சை விதை அதிலிருந்து வராது.

நாள்: 27.10.2025
இடம்: பள்ளிப்பட்டு

தங்கள் ஆய்வுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ந. மோகனப்ரியா