செல் இறங்கின பிறகு வரும் பத்தாவது பாட்டு

ஆசை அக்கா ஜெபமணிக்கு,

நலமா என்று எழுதித்தான் கை தொடங்கப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தே பழகின கை. உன்னிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம்ம புத்தகம் முடிந்துவிட்டது. போன மாதம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கடைசி அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறேன். உன்னை விட்டால் இதை யாரிடம் கேட்பேன்?

முதலில் ஊர்ச் சேதி. நீ போன பிறகு நம்ம ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வந்துவிட்டது. சந்திரனில் மனுஷன் இறங்கி நடந்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டான். சிவகாசியில் நம்ம பிரஸ் மாமா, அதுதான் அம்மாவின் தம்பி, சும்மா இருப்பாரா? அதை உடனே பட்டாசு லேபிளாகப் போட்டுவிட்டார். ராக்கெட்டுக்குப் பக்கத்தில் தாவணி போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். "சந்திரன்ல ஏது மாமா தாவணி?" என்றேன். "லேபிளுன்னா ஒரு பொம்பளப் படம் வேணும்லா, இல்லன்னா ஆர்டர் குடுப்பானா?" என்கிறார்.

அதே மாமாதான் நம்ம புத்தகத்தை அச்சடிக்கப் போகிறார். காலண்டர் சீசன் முடிந்து கிறிஸ்துமஸுக்கு முன்னால் சில நாள் சின்ன மிஷின் சும்மா கிடக்குமாம். "திங்கக்கிழமைக்குள்ள மீதிய குடுத்துரு. பெறகு பொங்கல் நோட்டீஸ் வந்துரும், நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு வியாழக்கிழமை.

இந்தக் கடிதத்தையும் புத்தகத்தில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

நீ சிவகாசி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் சாத்தூரில் டீச்சர். அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே நீதான். உங்கள் டாக்டரம்மா தன் சீமைக்குத் திரும்பும்போது உனக்கு இரண்டு சாமான் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று, செல் போட்டு ஓட்டுகிற ஒரு ரிக்கார்டு பெட்டி. இன்னொன்று, ஒரே ஒரு இசைத்தட்டு. நாலு இளவட்டங்கள், கிதார், டிரம், தொண்டை கிழியப் பாட்டு. ராக் என்று சொல்கிறார்கள். பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துப் பாட்டு. அவர்கள் ஊரில் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களாம். நம்ம ஊரில் அதைக் கேட்டது உன் குவார்ட்டர்ஸ் சுவரும் நாமும்தான்.

முதல் தடவை கேட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். நீ கையை இழுத்துவிட்டாய். "கேளுட்டி. கத்துறானேன்னு பாக்காத. எதுக்குக் கத்துறான்னு கேளு" என்றாய். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான்தான் முதலில் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

ஞாயிறு கோவிலில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் தட்டு. அறையில் லைட் உண்டு, பிளக் கிடையாது. ஆறு டார்ச் செல், எல்லாம் உன் நைட் டியூட்டி டார்ச்சில் எரிந்து ஓய்ந்தவை. சனிக்கிழமையே அதைச் சுவரில் வெயிலுக்கு வைத்துவிடுவாய். பக்கத்து வீட்டில் தீப்பெட்டிக் கூடு காயும், நம்ம பக்கம் செல் காயும். "என்ன நர்ஸம்மா, செல்லு வத்தலா? எண்ணெயில பொரிப்பீகளா?" என்று அந்த வீட்டுக்காரி கேட்கும்போதெல்லாம் சிரிப்பாய். நாலு ஞாயிறு ஓடின செல்லும் ஒரு நாள் வெயிலில் கிடந்தால் ஒரு மணி நேரம் உயிர் பிழைக்கும்.

ஊசியை நடுவில் தூக்கவே விடமாட்டாய். ஆராதனையில் பாதியைத் தாண்டிக்கொண்டு ஓடுவோமா என்பாய். ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாகத்தான். அதனால் பத்தாவது பாட்டு வரும்போது எப்போதும் செல் இறங்கியிருக்கும். குரல் கனத்து, டிரம் தளர்ந்து, ஒவ்வொரு வார்த்தையும் காலை இழுத்து இழுத்து வரும். நான் உன் மடியில் தலை வைத்துப் படுத்துவிடுவேன். அந்த இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. "என்னக்கா சொல்றான்?" என்றால், "ஊருக்குப் போகணுங்கான். வண்டி வரலையாம்" என்பாய். எத்தனை ஞாயிறு அழுதிருக்கிறேன், தெரியுமா? உன் சேலையில் மூக்கைத் துடைத்ததற்குத் திட்டு வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது.

புத்தகம் எழுத வேண்டும் என்பது உன் ஆசைதான். தீக்காயத்தோடு வந்து படுத்திருக்கும் பெண்களுக்குக் கட்டு மாற்றும்போது, அவர்கள் கையைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்க்கட்டும் என்று அந்தப் பாட்டுகளைக் கதையாகச் சொல்வாய். ஒரு கைக்கு ஒரு பாட்டு. தட்டைக் கேட்காதவர்களுக்கும் பாட்டைக் கொடுக்க முடியும் என்று அங்கேதான் கண்டுபிடித்தாய். பழைய காய்ச்சல் சார்ட்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினாய், பாட்டுக்கு ஒரு சார்ட்டு. ஒன்பது எழுதினாய். பத்தாவதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்குள் மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நீ வேலை பார்த்த அதே வார்டில் உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம், "பெட்டியக் கொண்டாட்டி. அந்தக் கடைசிப் பாட்டக் கேக்கணும்" என்றாய். பிறகு, "புது செல்லு வாங்கிப் போடு" என்றாய். நான் கேட்டேனா? "எதுக்குக்கா? காலையில இருந்து வெயில்ல வச்சிருக்கேன், அது போதும்" என்றேன். உனக்குப் பிடித்தது அந்த இழுவைதான் என்று எனக்கு அப்படி ஒரு நிச்சயம். பாட்டு எப்போதும்போல் தேய்ந்து தேய்ந்து வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உன் பக்கத்தில் தலை சாய்த்தேன். நீ சிரித்தாய். "சரி, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாய். அப்புறம் நான்கு நாள்தான் இருந்தாய்.

ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதினேன் அக்கா. ராகத்தை எழுதிவிடலாம், டிரம்மை எப்படி எழுதுவது? மூன்றாவது பாட்டுக்குச் சரவெடி என்று எழுதினேன். ஏழாவதுக்கும் சரவெடி வந்தது. சிவகாசிக்காரி எதைக் கேட்டாலும் வெடிதான் போல என்று இரண்டையும் அடித்தேன். கிதாரை மட்டும் நாலு தடவை மாற்றி எழுதினேன். பத்தாவதில்தான் தடையே இல்லை. உன்னை நினைத்துக்கொண்டு இரண்டே நாளில் முடித்தேன். இதைப் போல ஏங்குகிற பாட்டு உலகத்தில் இல்லை என்று எழுதினேன். படித்துவிட்டு மாமாகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போன மாதம் மாரியம்மாளைப் பார்த்தேன். ஏழாயிரம்பண்ணை தீப்பெட்டி ஆபீஸில் மருந்து பற்றிக் கை வெந்து வந்தாளே, அவளேதான். பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்தாள். புத்தகம் வருகிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தப் பத்தாவது பாட்டும் உண்டுல்லா டீச்சர்? தெருவே எறங்கி ஆடுமே!"

"ஆடுமா? அது ஊருக்குப் போக முடியாம அழுகிற பாட்டுல்லா?"

"யாரு சொன்னா? நர்ஸம்மா கட்டுப் போட்டுக்கிட்டே ஆடியே காட்டுனாக. வலியெல்லாம் மறந்து சிரிச்சேன், அம்புட்டு பேரும் சிரிச்சோம்."

கட்டுப் போட்ட கையோடு கேட்டதில் அவளுக்குக் குழப்பமாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் தூக்கம் கெட்டது. அந்தச் சனிக்கிழமையே தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு விருதுநகருக்குப் போனேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணை அங்கே எண்ணெய் மண்டிக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கரண்டில் ஓடுகிற, ரேடியோவோடு தட்டும் போடுகிற பெரிய ரேடியோகிராம் வைத்திருக்கிறார்கள்.

முதல் நாலு பாட்டு நம்ம பாட்டுதான். ஐந்தாவதிலிருந்து பாடுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறிக்கொண்டே வந்தார்கள். பத்தாவது வந்தது. அக்கா, அது துள்ளிக் குதிக்கிற பாட்டு! கைதட்டல், சிரிப்பு, எல்லாரும் வாங்க என்று கூப்பிடுகிற குரல். வண்டியும் இல்லை, ஊரும் இல்லை. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை நடுக்கூடத்தில் நின்று ஆடத் தொடங்கிவிட்டது. "நீங்களும் வாங்க டீச்சர்" என்று கையைப் பிடித்து இழுத்தது. நான் காப்பி டம்ளரோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. உன்மேல் கோபமும் வந்தது, மறைப்பானேன்? இத்தனை வருஷம் நான் அழுததெல்லாம் செத்த செல்லுக்காகவா? உனக்கு இது தெரியுமா, தெரியாதா?

வீட்டுக்கு வந்து சார்ட்டுகளை எல்லாம் தரையில் பரப்பினேன். எல்லாவற்றிலும் நீ எழுதினது பின்பக்கம். முன்பக்கம் யாரோ நோயாளியின் காய்ச்சல் கோடு, ஏறும், இறங்கும். அதை நான் எதற்குப் பார்க்கப் போகிறேன்? பத்தாவதைத் திருப்பினேன். கோட்டுக்குக் கீழே கட்டத்துக்குள் பென்சிலால் பொடிப்பொடியாக உன் எழுத்து.

"10. எல்லாரும் ஆடும் பாட்டு. டாக்டரம்மா பங்களாவில் கேட்டேன். புது செல் போட்டால் கிருபை எழுந்து ஆடுவாள். பழசு என்றால் என் மடியில் படுப்பாள். இப்போதைக்குப் பழசே இருக்கட்டும்."

இப்போதைக்கு. அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. வண்டி வராத ஆளை எனக்காகவே இட்டுக்கட்டினாயா? நான் மடியில் கிடக்க வேண்டும் என்று இத்தனை ஞாயிறு பொய் சொன்னாயா? கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் அந்த மடிதான் வேண்டியிருந்தது, பாட்டு இல்லை. இன்றைக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரியில் புது செல் கேட்டாயே, அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. இனி மடி இருக்காது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்து நிற்பதை ஒரு தடவை பார்க்க நினைத்திருக்கிறாய். நான் காய்ந்த செல்லைப் போட்டு, மறுபடியும் தலையைச் சாய்த்தேன். கடைத்தெரு எத்தனை தூரம் அக்கா? ஓடிப் போயிருந்தால் பாட்டு முடிகிற நேரத்துக்குள் வந்திருப்பேனே.

கேட்க வந்த கேள்விக்கு எழுத எழுத நானே பதிலைக் கண்டுபிடித்துவிட்டேன். எழுதின அத்தியாயத்தைக் கிழிக்கப் போவதில்லை. அது தட்டில் இல்லாத பாட்டு என்று முதல் வரியிலேயே ஒத்துக்கொள்வேன். அதன் பின்னால் தட்டில் இருக்கிற பாட்டை எழுதுவேன். அதற்கு நாளைக்கே மாரியம்மாளிடம் போய், நீ எப்படி ஆடினாய் என்று கேட்டு வரப் போகிறேன். திங்கட்கிழமை மாமா கைக்குப் போய்விடும்.

இன்னொன்றும் செய்யப் போகிறேன். கிறிஸ்துமஸ் அன்று கோவில் முடிந்ததும் புத்தகத்தையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வருவேன். ஆறும் புது செல். காகிதம் பிரிக்காமல் கொண்டுவந்து உன் முன்னால்தான் போடுவேன். நம்ம கோவில் பாதிரி ஐயர் பார்த்தால் ஒரு பாடு பேசுவார், பேசட்டும். ஒன்றிலிருந்து வரிசையாகவே வைப்பேன், ஊசியைத் தூக்கமாட்டேன். பத்தாவது வந்ததும் எழுந்து நிற்பேன். எனக்கு ஆடத் தெரியாது, அது உனக்கே தெரியும். ஆனால் நிற்பேன். பாட்டு முடிகிறவரை உட்காரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மடியை விட்டு எழுந்திருக்கப் போகும்
தங்கச்சி கிருபை