கொதிகலன் என்று விற்கப்பட்ட கலத்தை டிசம்பர் 3-க்குள் மீட்டுத் தருமாறு

அனுப்புநர்:
செல்வி ஹேசல் டாபர், பி.எஸ்ஸி.,
அறிவியல் உதவியாளர்,
சால்ட்ஃபென் கடல்மட்ட ஆய்வு நிலையம்,
லிங்கன்ஷயர்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கடலோரப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை,
லண்டன்.

பொருள்: ஓய்வு பெற்ற அறிவியல் ஆலோசகர் திரு. மார்ஷ் அவர்களின் கலத்தை, அது நின்ற அதே இடத்தில் 1974 டிசம்பர் 3, செவ்வாய் காலை பதினொரு மணிக்கு முன் திரும்ப நிறுத்த ஆணையிட வேண்டுதல். அவருடைய பிறந்த தேதியைத் தவறாக எழுதியவள் நானே என ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

பார்வை: 1. பணியாளர் பிரிவின் ஓய்வு ஆணை, நாள் 2.9.1974.
2. தங்கள் அலுவலகத்தில் முத்திரையிட்டு வைக்கப்பட்டுள்ள மார்ஷ் கோப்பு, 1965.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் மன்னிப்புக் கேட்பதிலேயே பக்கம் முடிந்துவிட்டது. இம்முறை நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2. திரு. மார்ஷ் இந்த உலகத்தவர் அல்லர் என்பதும், காலத்தினூடே பயணம் செய்தவர் என்பதும், அவருடைய மக்களால் இங்கே நாடுகடத்தப்பட்டவர் என்பதும் தாங்கள் கோப்பில் படித்திருப்பீர்கள். அவரை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். உயரமானவர், சட்டைக் கையை எப்போதும் ஒரு மடிப்பு அதிகமாக மடித்திருப்பார். சதுப்பு நிலத்தில் கண்டெடுக்கப்பட்டதால் வாயிற்காவலர், சதுப்பு என்றே பொருள்படும் 'மார்ஷ்' என்ற பெயரைப் பதிவேட்டில் எழுதினார். அந்தப் பெயருக்கே அவர் ஒன்பது ஆண்டுகளாகத் திரும்பிப் பார்க்கிறார்.

3. அவர் செய்த குற்றம் இது: வெள்ளம் வரவிருந்த ஓர் ஊரில், ஒரே ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "மாடிக்குப் போங்கள்" என்று சொன்னார். எந்த ஊர், எந்த ஆண்டு என்று அவர் சொன்னதில்லை. அவர்களுடைய சட்டப்படி கடந்ததைப் பார்க்கலாம், தொடக் கூடாது. தண்டனையாக, அவர் பயணம் செய்த கலத்திலிருந்து வாதுமைக்கொட்டை அளவுள்ள ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, 1965 டிசம்பர் 3 காலை பதினொரு மணிக்கு அவரை இங்கே விட்டுச் சென்றார்கள். ஒன்பது ஆண்டுகள் முடியும் அதே மணியில் அந்தப் பாகம் எடுத்த இடத்துக்கே திரும்பி வரும். யாரும் நேரில் வரமாட்டார்கள். வீட்டுக் கதவின் துளையில் தபால் விழுவது போலத்தான் என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். அந்த நேரத்தில் அங்கே வீடு, அதாவது கலம், இல்லையென்றால், அவர் தப்ப முயன்றதாகக் கொள்ளப்படும். அதற்குரிய தண்டனைக்கு முடிவு கிடையாது. ஐயா, அவருக்கு நம்மைப் போல முதுமையும் வராது. இங்கே இப்போது இருக்கிற எல்லோரும் போன பிறகும் அவர் இங்கே இருப்பார்.

4. இந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் வரவிருப்பதை ஒருபோதும் சொன்னதில்லை; தண்டனையின் நிபந்தனை அது. எங்களைப் போலவே அளவுகோலையும் அலைப் பதிவுகளையும் வைத்துத்தான் வேலை செய்தார். வெயின்தோர்ப் மதகை எட்டு அங்குலம் உயர்த்தச் சொன்னவர் அவர். ஊரே முணுமுணுத்தது. அடுத்த குளிர்காலத்தில் தண்ணீர் அதன் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது. எங்கள் தொழில்நுட்பர் கீத் ஸ்டப்ஸ் வெள்ளிக்கிழமை தவறாமல், "சார், நாளைக்கு நம்ம டீம் ஜெயிக்குமா, அத மட்டும் சொல்லுங்க" என்பார். அவரும் தவறாமல், "ஜெயிச்சாலும் நீ திட்டத்தான் போற, கீத்" என்பார். அவர் எங்களிடம் சொன்ன எதிர்காலம் அவ்வளவுதான்.

5. இனி என் தவறு. 1970 அக்டோபரில் நான் பணியில் சேர்ந்த இரண்டாவது வாரம், திரு. மார்ஷின் பதவியை நிரந்தரமாக்கும் படிவம் 'பிறந்த தேதி இல்லை' என்ற குறிப்போடு இரண்டாம் முறை திரும்பி வந்தது. அவரிடம் கேட்டேன். "நான் பொறக்க இன்னும் ரொம்ப நாள் இருக்கே, மிஸ் டாபர்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, எனக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று உண்மையாகவே வருந்தினார். படிவத்துக் கட்டத்தில் '19' என்று முன்னமே அச்சிட்டிருந்தார்கள்.

6. வேறொருவராக இருந்திருந்தால் இயக்குநரிடம் போய்க் கேட்டிருப்பார். என்னால் முடியவில்லை. நான் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தைச் சேர்ந்தவள். என் தாய் மீன் புகையூட்டும் கூடத்தில் வேலை செய்கிறார். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். 1958 பிப்ரவரியில் என் தந்தை வால்டர் டாபர் சென்ற மீன்பிடிக் கப்பல் ஐஸ்லாந்துக்கு அப்பால் காணாமல் போனது. எந்த நாளில் மூழ்கியது என்று யாருக்கும் தெரியாததால், விதவை உதவிப் படிவத்தில் 'இறந்த தேதி' என்ற இடத்தை என் தாய் காலியாக விட்டார். அந்தப் படிவம் பதினான்கு மாதங்கள் போவதும் வருவதுமாக இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. "காலியா மட்டும் எப்பவும் விடாதடி. காலியா விட்டா அவங்க நம்மள மனுசனாவே சேக்க மாட்டாங்க" என்று சமையலறை மேசையில் உட்கார்ந்து என் தாய் சொன்னது இன்றும் என் கையைப் பிடித்து எழுத வைக்கிறது. அன்று அந்தக் கட்டத்தில், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தேதியை எழுதினேன்: 1914 நவம்பர் 9. அது என் தந்தையின் பிறந்த நாள். படிவம் மறுபடி திரும்பி வரவில்லை.

7. பதிவேட்டில் அந்தத் தேதியைப் பார்த்த உணவுக்கூடத்து மிசஸ் கிராப்ட்ரீ, அவ்வாண்டு நவம்பர் 9 அன்று இஞ்சி கேக் செய்துவந்து அவர் முன் வைத்தார். அவர் ஒன்றும் புரியாமல் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு உனக்குப் பொறந்தநாள் ராசா. உனக்கே நெனப்பில்லையா? ஆம்பளைங்களே இப்படித்தான், பொண்டாட்டி சொன்னாத்தான் தெரியும்" என்றார் மிசஸ் கிராப்ட்ரீ. திரு. மார்ஷ் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெழுகுவர்த்தியை ஊதினார். மாலையில் அலைமானிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அது யாரோட நாள்?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் முதல் துண்டை வெட்டியதும் என் தட்டில் வைப்பார். ஐயா, என் தந்தைக்குக் கல்லறை கிடையாது. நான்கு ஆண்டுகள் அவருக்குக் கேக் இருந்தது. தேதியைத் திருத்த எனக்கு நேரம் இருந்தும் நான் திருத்தாததற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. இதை மன்னிக்கக் கூடிய காரணமாக நான் முன்வைக்கவில்லை.

8. அறுபது வயது நிறைந்தால் ஓய்வு என்பது விதி. செப்டம்பரில் ஆணை வந்தது. தேதி தவறு என்று பணியாளர் பிரிவுக்கு எழுதினேன். பிறப்புச் சான்றிதழை இணைக்குமாறு பதில் வந்தது. சென்ற ஆண்டு பொறுப்பேற்ற எங்கள் இயக்குநர் டாக்டர் ஸ்கெல்டனுக்கு முத்திரையிட்ட கோப்பைப் பார்க்க அனுமதி இல்லை. "என் கையில இருக்கிற காகிதத்துல அவரு பக்கத்து லௌத் ஊர்க்காரர், அறுபது வயசு. நான் வேற என்னம்மா செய்ய?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கோப்பில் திரு. மார்ஷ் நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வந்தவர். இன்னொன்றில் அவர் ஓய்வு பெறவேண்டிய எழுத்தர் போல ஒருவர். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைக்க அதிகாரம் உள்ளவர் தாங்கள் ஒருவரே. இதை அப்போதே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். ஓய்வுதானே, கலம் நின்ற இடத்தில் நிற்கும், டிசம்பர் 3 அன்று ஒருநாள் அவர் விருந்தினராக உள்ளே வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

9. நவம்பர் 9 சனிக்கிழமை ஆனதால், 8-ஆம் தேதி மூன்று மணிக்கு உணவுக்கூடத்தில் வழியனுப்பு விழா நடந்தது. எல்லோரும் கையெழுத்திட்ட அட்டை இருந்தது. வழக்கம் போல ஒரு கடிகாரம் பரிசளித்தார்கள். பித்தளைக் கடிகாரம், கண்ணாடிப் பக்கங்கள் கொண்டது. அவர் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "இது முன்னாடி மட்டுந்தான் போகும், இல்ல?" என்றார். "பின்னாடி போனா சொல்லுங்க சார், கடைக்காரன் மாத்திக் குடுப்பான்!" என்றார் கீத். கூடமே சிரித்தது. திரு. மார்ஷும் சிரித்தார். நான் தொத்திறைச்சி ரொட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் நடுவே ஒரு பெண் குரலை உயர்த்தினால் எல்லோருக்கும் சங்கடமாகிவிடுமே என்று நின்றேன்.

10. அவர் ஓய்வு பெற்றதும் அவர் வேலை செய்த நான்காம் குடிலைக் காலி செய்ய உத்தரவானது. 14-ஆம் தேதி, கிடங்குகளைக் காலி செய்யும் ஒப்பந்ததாரர் வந்து கலத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். துப்புரவாளர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக, 1965-இல் முதல் இயக்குநர் அதைப் பொருள் பட்டியலில் 'கொதிகலன், பழுதானது, ஒன்று' என்று எழுதியிருந்தார். பார்ப்பதற்கும் அப்படித்தான் இருக்கும். நான் அன்று வெயின்தோர்ப்பில் மதகு அளந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது நான்காம் குடிலின் பின்புறக் கான்கிரீட் மேடையில், ஒன்பது ஆண்டு மழை படாத ஒரு வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது.

11. அன்று மாலை மிசஸ் கிராப்ட்ரீயின் வீட்டுக்குச் சென்றேன், திரு. மார்ஷ் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறார். கலம் போன விஷயத்தை அவரிடம் சொன்னேன். "சார், அன்னிக்கே ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். "எல்லாரும் அவ்வளவு ஆசையா கேக் வெட்டினாங்க, மிஸ் டாபர். நடுவுல போய் எப்படிச் சொல்றது?" என்றார். ஐயா, அவர் இங்கே வந்த புதிதில் நினைத்ததை அப்படியே சொல்பவராக இருந்தாராம். அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற பழக்கத்தை இங்கே எங்களிடம்தான் கற்றுக்கொண்டார்.

12. கலம் இன்னும் முழுதாக இருக்கிறது. அதை விலைக்கு வாங்கிய ஆல்போர்ட் பழைய இரும்புக் கிடங்கின் உரிமையாளர் திரு. ரான் ஸ்டப்லியை நான் சனிக்கிழமை பார்த்தேன். "இத எந்தச் சனியன் புடிச்ச ஆலையில செஞ்சாங்க பொண்ணு? மூணு ரம்பம் பல்லு போச்சு. தொட்டா பசுமாடு மாதிரி கதகதன்னு இருக்கு" என்றார். திருப்பித் தருமாறு கேட்டேன். "ரசீதோட வாங்கினது. உங்க டிபார்ட்மெண்ட் லெட்டர் இல்லாம ஒரு ஆணியக்கூட வெளிய விடமாட்டேன். ரெண்டாந்தேதி நசுக்குற மெஷின் வருது, அதுக்கு முன்னாடி பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 2, திங்கட்கிழமை.

13. திரு. மார்ஷ் தினமும் காலை பேருந்தில் வந்து நிலையத்து வேலிக்கு வெளியே நிற்கிறார். அவருடைய அனுமதி அட்டையை வாங்கிவிட்டார்கள். வாயிற்காவலர் திரு. பெர்சி ஹோல்ம்ஸ், "உள்ள விட்டா என் வேல போயிடும் சார், இந்தாங்க, சூடா குடிங்க" என்று கம்பி வழியே தேநீர்க் கோப்பையை நீட்டுகிறார். அவர் நன்றி சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையைத் தன் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். நான்கு மணிப் பேருந்துக்குப் போய்விடுகிறார். என் மேசையிலிருந்து இதைப் பார்க்க முடிகிறது.

14. எனவே தாங்கள் தயவுகூர்ந்து, கலத்தைத் திருப்பி ஒப்படைக்கக் கோரும் துறைக் கடிதம் ஒன்றை டிசம்பர் 2-க்கு முன் திரு. ஸ்டப்லிக்குச் சேருமாறு அனுப்பும்படி வேண்டுகிறேன். அது கையில் கிடைத்தால் வண்டிக்குக் கீத் ஸ்டப்ஸ் பொறுப்பு. அவருடைய மைத்துனரிடம் பளுதூக்கி இருக்கிறது. கலம் அந்த வெள்ளை வட்டத்தின் மேல் சரியாக நிற்கும்படி நானே அளந்து வைக்கிறேன். அளப்பது என் தொழில். டிசம்பர் 3 அன்று ஒருநாள் மட்டும் திரு. மார்ஷுக்கு நுழைவு அனுமதி வேண்டும். பிறந்த தேதியைப் பொய்யாக எழுதியதற்கு எனக்கு என்ன தண்டனை என்றாலும், வேலையை இழப்பது உட்பட, ஏற்றுக்கொள்கிறேன். என் தாயிடம் சொல்லிவிட்டேன்.

15. இறுதியாக ஒன்று. இந்த மனுவைப் படிக்கும் கவனமான அதிகாரிக்கு ஒரு சந்தேகம் எழலாம், அது நியாயமானதே. சென்ற ஆண்டு நவம்பர் 9 அன்று, எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு, கலம் ஓடும் நிலைக்கு வந்தால், என் தந்தையின் கப்பல் காணாமல் போன 1958 பிப்ரவரிக்குப் போக முடியுமா என்று நான் அவரிடம் கேட்டது உண்மை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "முடியும். அதனாலதான் சொல்றேன், கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் போயிடுவேன்" என்றார். ஒரு கதவைத் தட்டியதற்கு ஒன்பது ஆண்டுகள் என்றால், இரண்டாவது கதவுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

ஆகவே எழுத்து மூலம் உறுதியளிக்கிறேன். டிசம்பர் 3 அன்று நான் மேடைக்கு அருகில் செல்ல மாட்டேன். அதற்கு முன்பே அளவெடுத்து முடித்துவிட்டு, அன்று வேலிக்கு வெளியே, இப்போது அவர் நிற்கும் இடத்தில் நிற்பேன். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தால் கையசைப்பேன். அவரிடம் எதையும் கேட்க மாட்டேன்.

சால்ட்ஃபென்,
25 நவம்பர் 1974.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஹேசல் டாபர்
(வால்டர் டாபரின் மகள்)

இணைப்பு: 1970-ஆம் ஆண்டுப் படிவத்தின் நகல் (பிறந்த தேதி என் கையெழுத்தில்), பழைய இரும்புக் கிடங்கு ரசீதின் நகல்.