பட்டனர்

பாசமுள்ள என் அண்ணனுக்கு,

உன் ஆண்டு நினைவு அட்டைக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி அண்ணி கேட்டார். "நீதானே தெனமும் எழுதுறவ, நல்லா எழுதிக் குடு ஸ்டெல்லா" என்றார். அதுதான் வில்லங்கம். தினமும் எழுதுகிறவளுக்குத்தான் நாலு வரி வரமாட்டேன் என்கிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, உன்னிடமே பேசிவிடலாம் என்று உன் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கடை அப்படியேதான் இருக்கிறது, உள்ளே வானொலிதான் ஒன்றுகூட இல்லை. அண்ணி தேங்காயும் விறகும் போட்டு வைத்திருக்கிறார். வெளியே கண்டி வீதியில் கொடி கட்டிய வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகின்றன. பட்டாசு வெடிக்கிறது. போகிறவர்களை மறித்து கிரிபத் கொடுக்கிறார்கள். எனக்கும் ஒரு துண்டு பாற்சோறு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன், சிரிக்கவும் செய்தேன். ஆமாம் அண்ணா, வடக்கில் சண்டை முடிந்துவிட்டது. முந்தாநாள் அதைத் தமிழில் நாட்டுக்குச் சொன்னவள் நான்தான்.

'சிக்கியிருந்த பொதுமக்கள் மீட்கப்பட்டனர்' என்று வாசித்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "மீட்டுட்டாங்கன்னா, அப்புறம் எதுக்கு முகாமச் சுத்தி முள்ளுக்கம்பி?" என்றிருப்பாய்.

இந்த அட்டையைக் கையில் வாங்கப்போகிற எல்லோருக்கும் நம் கதை தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கொழும்பில் ஒரு வானொலிக் கந்தோரில், சிங்களத்தில் வருகிற செய்தியைத் தமிழாக்கி வாசிக்கிறவள். நீ மாத்தளைப் பக்கம் உக்குவளையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பழுதான வானொலிகளைத் திருத்தியவன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். அதனால்தான் 'நீ' என்கிறேன், யாரும் குறை நினைக்க வேண்டாம்.

செய்தி நேரத்தில் உன் கடையில் ஆட்கள் கூடுவார்கள். அங்கே நான் வாசிக்க வாசிக்க நீ மொழிபெயர்ப்பாய். 'நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது' என்று நான் சொன்னால், "இன்னைக்கு யாரும் டவுனுக்குப் போயிறாதீங்க" என்பாய். 'வதந்திகளை நம்ப வேண்டாம்' என்றால், "அப்ப நடந்தது நெசந்தான்" என்பாய். பக்கத்து இரும்புக் கடை ரஹீம் நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாராம். எனக்கு இதெல்லாம் அண்ணி சொல்லித்தான் தெரியும்.

ஒரு தடவை லீவில் வந்த என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாய்.

"தாயி, ஒரு சந்தேகம். கொல்லப்பட்டனர், கைது செய்யப்பட்டனர், அப்புறப்படுத்தப்பட்டனர். எல்லாரும் பட்டுக்கிட்டே இருக்காங்களே, செஞ்சவன் யாரு?"

"அது செய்தித் தமிழ் அண்ணே. அப்பிடித்தான் எழுதணும்."

"சரிதான். செஞ்சவன் வீட்டுல நல்லாத் தூங்குவான், பட்டவன் மட்டும் ரேடியோவுல வருவான்."

அன்றிலிருந்து எனக்குப் 'பட்டனர் அம்மா' என்று பெயர் வைத்துவிட்டாய். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. எனக்குத் தெரியாததையா நீ கேட்டுவிட்டாய்? மற்றப் பக்கம் செய்ததென்றால் செய்தவன் பெயர்தான் வாக்கியத்தின் முதல் வார்த்தை. இந்தப் பக்கம், அதாவது அரசாங்கம், செய்ததென்றால் எழுவாயே கிடையாது, கடைசியில் ஒரு 'பட்டனர்' மட்டும் இருக்கும். இப்படி எழுது என்று யாரும் சட்டம் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கை தானாகப் பழகிக்கொண்டது.

பிறகு அந்த நாள் வந்தது. மத்தியானச் செய்திக்குக் கொஞ்சம் முன்னால் ரஹீம் நானாவின் கடையிலிருந்து அண்ணி போன் பண்ணினார். "ஒங்க அண்ணனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க ஸ்டெல்லா. காலையிலேயே ரவுண்டப். கடையில இருந்த ரேடியோவெல்லாம் அள்ளிட்டாங்க" என்றார். அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

போனை வைத்துவிட்டு மேசைக்கு வந்தால், நான் தமிழாக்க வேண்டிய சிங்களத் தாள் அங்கே கிடக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் நடந்த சுற்றிவளைப்புத் தேடுதலில் சந்தேக நபர்கள் கைதாம், தொலைத்தொடர்புக் கருவிகள் பறிமுதலாம். தொலைத்தொடர்புக் கருவிகள்! பாத்தும்மா உம்மா உன்னிடம் திருத்தக் கொடுத்திருந்த, சமையலறையில் பாட்டுக் கேட்கிற பெட்டி. நம் மாதா கோயில் உபதேசியாரின் பாட்டரி வானொலி. உன் மேசையில் குடல் தெரியத் திறந்து கிடந்த இன்னும் நாலைந்து. ஒரு சொல் மாறியதும் எல்லாமே ஆயுதம் மாதிரி ஆகிவிட்டன.

பொறுப்பாசிரியரிடம் போய், "சேர், அது எங்கண்ணன்" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசினார். "நீங்க வாசிக்காட்டி இன்னொருத்தர் வாசிப்பார். ஏன் வாசிக்கலன்னு பிறகு உங்களையும் கேட்பாங்க. அப்ப உங்கண்ணனுக்காகப் பேச வெளியில யார் இருப்பா?"

நான் வாசித்தேன் அண்ணா.

நானே தமிழாக்கி, நானே வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. 'சந்தேக நபர்கள் சிலர் கைது' வரைக்கும் ஒழுங்காக வந்தேன். அடுத்த சொல்லில் நாக்கு பிசகிவிட்டது. 'செய்யப்பட்டனர்' என்பதற்குப் பதிலாக 'செய்யப்பட்டாங்க' என்று வந்துவிட்டது. நம் வீட்டுப் பேச்சு, நாடு முழுக்கக் கேட்டுவிட்டது. அந்த 'ங்க' ஒன்றுக்காகக் கந்தோரில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். மொழித் தரம் குறைந்ததாம்.

நீ அதைப் பொலிஸ் நிலையத்தில் கேட்டுக்கொண்டிருந்தாய். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் மேசையில் செய்தி போட்டிருந்தாராம். அடிபட்ட வாயோடு நீ சிரித்தாயாம். "எதுக்குடா சிரிக்கிற?" என்று அவர் கேட்க, "அது எங்க தங்கச்சி சேர்" என்றாயாம். அவர் நிலையத்துப் பெரியவரிடம் சொன்னார், பெரியவர் கந்தோருக்குப் போன் பண்ணினார், கந்தோர் ஒரு கடிதம் கொடுத்தது. 'மேற்படி நபர் எமது செய்திப் பிரிவு உத்தியோகத்தரின் சகோதரர்.' பதினொரு நாளில் நீ வீட்டுக்கு வந்தாய். உன்னைச் சந்தேக நபர் என்று சொன்ன அதே குரல்தான் உன்னை வெளியே எடுத்தது.

நீ விடுதலையானதையும் செய்தியில் போடச் சொல்லிக் கேட்டேன். "விட்டது செய்தி இல்லையேம்மா" என்றார் பொறுப்பாசிரியர். ஆக, ஊர் கேட்டது முதல் பாதியை மட்டும்தான். வானொலி திருத்தக் கொடுக்க ஆட்கள் பயந்தார்கள். பாத்தும்மா உம்மாகூட, "கோபிச்சுக்காதீங்க தம்பி, மகன் வேணாங்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தவள் நான்.

நீயும் செய்தியை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டாய். கேட்பதையே விட்டுவிட்டாய். என்னைப் 'பட்டனர் அம்மா' என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு ரவுண்டப் வந்த போதெல்லாம் முதலில் தட்டியது உன் கதவைத்தான். நீயும் ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினாய்.

வேலையை விடுகிறேன் என்று இரண்டு தடவை எழுதிக் கொண்டுவந்து உன்னிடம் காட்டினேன். இரண்டு தடவையும் நீதான் கிழித்தாய். "நீ அங்க இருக்கிற வரைக்குந்தான் இந்தக் கடதாசி செல்லும் தாயி. இன்னுங் கொஞ்ச நாளைக்கு வாசி" என்றாய். உனக்காக நான் உள்ளே இருந்தேன். எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நீ ஊரில் வாயைத் திறக்காமல் இருந்தாய். இரண்டு பேரும் சேர்ந்து கதவை நன்றாகத்தான் பூட்டிக்கொண்டோம்.

போன வருஷம் உன் நெஞ்சு நின்றுபோனது. உன் சட்டையைத் துவைக்கப் போட்ட அண்ணி, பையிலிருந்ததை என்னிடம் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அந்தக் கடிதம், மடிப்புகளில் வெளுத்துப்போய் இருந்தது. அதைக் கையில் வாங்கியதும் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? 'இனி நான் வேலையை விடலாம்' என்று நினைத்தேன். உன்னைப் பெட்டியில் வைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆனால் விட்டேனா? இல்லையே. ஒரு வருஷமாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ இருந்தவரை அண்ணனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். முந்தாநாள் 'மீட்கப்பட்டனர்' என்று வாசித்தது யாருக்காக? யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை. பழகிவிட்டது, பயமாகவும் இருக்கிறது. அதைத் தவிர வேறு காரணமில்லை.

கிழித்துப் போட்ட தாள்களில் என்ன எழுதியிருந்தேன் என்று நினைக்கிறாய்? 'தவறான சந்தேகத்தின் பேரில் துன்புறுத்தப்பட்ட எம் அண்ணன்.' உன் நினைவு அட்டையிலும் அதே 'பட்ட'! அண்ணி அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ரேடியோ மாதிரி" என்றார். பாவம், பாராட்டாகத்தான் சொன்னார்.

அதனால் நாலு வரிக்குப் பதில் இந்தக் கடிதம்தான் அச்சுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் பூசை முடிந்ததும், கோயிலில் எல்லோர் முன்னாலும் நானே இதை வாசிப்பேன். பாத்தும்மா உம்மாவையும் ரஹீம் நானாவையும் வெளி மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கந்தோரில் என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் இது சத்தியம் அண்ணா. கடைசி வரியை நம் பேச்சில்தான் வாசிப்பேன், எழுவாயோடு வாசிப்பேன்.

எங்கண்ணன் ஒரு தப்பும் பண்ணல. பொலிஸ்காரங்க வீட்டுக்கு வந்து, அடிச்சு, இழுத்துட்டுப் போனாங்க. ஊரே அவன சந்தேகப்படுற மாதிரி அத ரேடியோவுல வாசிச்சது நான்.

இப்படிக்கு,
செய்தவள்,
உன் தங்கச்சி ஸ்டெல்லா